அச்சில் வராத பெயர்

‘நான்’ என்பது தமிழில் உள்ள மிகச் சிறிய சொற்களுள் ஒன்று, இரண்டே எழுத்து. பேசுகிறவனைக் குறிக்கும் இடத்தை இலக்கண நூலார் ‘தன்மை’ என்று பெயரிட்டு அழைத்தனர். அச்சொல்லுக்கே ‘இயல்பு’ என்ற பொருளும் உண்டு. ஒருவன் ‘நான்’ என்று சொல்லும் விதத்தில் அவன் இயல்பு முழுவதும் வெளிப்பட்டுவிடும் என்பது, பள்ளியில் மூவிடங்களை மனப்பாடம் செய்தபோது நமக்குத் தோன்றவில்லை. நாற்பதைக் கடந்து, தலையில் நரை ஓடத் தொடங்கிய பிறகே தோன்றுகிறது.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். இருபது ஆண்டுகளாகக் கோப்புகளில் குறிப்பெழுதி வருகிறோம். அந்தக் குறிப்புகளில் ‘நான்’ என்ற சொல்லுக்கு இடமே இல்லை. ‘பரிசீலிக்கப்பட்டது’, ‘ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று எழுதுவதே முறை. பரிசீலித்தவர் யார், சமர்ப்பிப்பவர் யார் என்பதெல்லாம் அடியில் இடும் கையொப்பத்தில் அடங்கிவிடும். காகிதக் கோப்பு போய்க் கணினித் திரையில் கோப்பு வந்த பின்பும் இந்த நடை மாறவில்லை. ஆகவே அகந்தை என்னும் நோய் பெரும் பதவியில் இருப்போருக்கு வருவது என்றும், ‘நான்’ என்று ஒரு வரிகூட எழுத வாய்ப்பில்லாத எழுத்தர்களை அது அண்டாது என்றும் நெடுங்காலம் நம்பியிருந்தோம். கோப்பில் இடம் கிடைக்காத அந்த ‘நான்’ வேறெங்கே போய்க் குடியேறியிருந்தது என்பதை ஒரு சிறு நிகழ்ச்சி நமக்குக் காட்டிக் கொடுத்தது. இதைப் போன்ற ஒரு மலரை முன்னிட்டே அது நிகழ்ந்ததாகையால், மலர் ஒன்றில் அதை எழுதுவது பொருத்தமாகும் என்று கருதுகிறோம்.

பெருந்தொற்றின் காரணமாக நின்றுபோயிருந்த எங்கள் சங்கத்தின் ஆண்டு விழா 2022ஆம் ஆண்டில் மீண்டும் நடைபெற்றது. அதனையொட்டி ஒரு மலர் கொண்டுவர வேண்டுமென்று செயற்குழுவில் முடிவாயிற்று. அப்பணி நம்மிடம் வந்தது. கொல்கத்தாவில் தமிழ் மலர் அச்சிடுவது எத்தகைய வேலை என்பது அதில் இறங்கியவருக்கே தெரியும். கட்டுரைகளைக் கேட்டு வாங்குவது ஒரு பாடு. கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்வது மற்றொரு பாடு. அச்சகத்தில் பக்கம் அமைத்த இளைஞர் வங்காளி. தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர். ஒற்றைக் கொம்பு ஒரு வரியின் கடைசியில் தனியே நிற்கும். அதற்குரிய எழுத்து அடுத்த வரியில் கிடக்கும். அலுவலகம் முடிந்ததும் அச்சகத்துக்குப் போய், அவர் அருகில் அமர்ந்து, விரலால் திரையைத் தொட்டுக் காட்டித் திருத்துவோம். நான்கு மாதங்கள் இப்படிச் சென்றன. இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும்போது மகள் உறங்கியிருப்பாள்.

மலர் நன்றாகவே வந்தது. விழா மேடையில் அதனை வெளியிட்டார்கள், கைதட்டினார்கள். நாமும் ஒரு படியை வாங்கிக்கொண்டு, இரண்டாம் வரிசையில் அமர்ந்து, முகப்பைப் புரட்டாமல் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனோம். நன்றியுரைப் பக்கம் அது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் செயலாளர் தாமே எழுதிக் கடைசி நாளில் நேரடியாக அச்சகத்துக்கு அனுப்பியிருந்தார். கட்டுரையாளர்கள் பெயர் இருந்தது. விளம்பரம் சேகரித்தவர்கள் பெயர் இருந்தது. விழா விருந்துக்குப் பாத்திரம் தந்து உதவியவர் பெயரும் இருந்தது. நம் பெயர் இல்லை.

ஒருமுறைக்கு மூன்றுமுறை பார்த்தோம். பிறகு மலரை மூடினோம். பந்தியில் அமரவில்லை, தலைவலி என்று சொல்லிக் குடும்பத்தை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். பாயசம் வேண்டுமென்று கேட்ட மகளை அதட்டியதும் நினைவிருக்கிறது.

அதன்பின் சங்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டோம். கேட்டவர்களிடம் அலுவலகத்தில் வேலை மிகுதி என்றோம். யாரையும் ஏசவில்லை, கடிதம் எழுதி விளக்கம் கேட்கவில்லை. அவ்வாறு கேளாதிருந்ததையே ஒரு பெருந்தன்மையாக எண்ணி மனத்துக்குள் பாராட்டிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் சங்கக் கட்டடத்தில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு உண்டு. ஏழு வயது நிரம்பியிருந்த நம் மகள் அதில் உயிரெழுத்தை முடித்து, உயிர்மெய்யில் பாதி வழி வந்திருந்தாள். நாம் போகவில்லையென்றால் அவளை அழைத்துப் போவார் யார்? வகுப்பும் நின்றது. “வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறோம், இதில் என்ன இருக்கிறது?” என்றோம். வீட்டில் எத்தனை நாள் சொல்லிக் கொடுத்தோம் என்பதைப் புலம்பெயர்ந்து வாழும் பெற்றோர் எவரும் கேட்கமாட்டார்கள். அவர்களுக்கே விடை தெரியும்.

இங்குச் சற்று நின்று, நம் முன்னோர் இந்த நோயைப் பற்றி என்ன கூறினர் என்று பார்ப்பது நல்லது. வடமொழியில் இதனை அகங்காரம் என்றனர். ‘அஹம்’ என்றால் நான். ‘காரம்’ என்றால் ஆக்குவது. எதைத் தொட்டாலும் அதனை ‘நான்’ என்றும் ‘எனது’ என்றும் ஆக்கிவிடுவது அதன் தொழில். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்று அந்தக்கரணங்கள் நான்கு. கரணம் என்றால் கருவி. ஆகவே அகங்காரமும் ஒரு கருவியே. அது முற்றும் இல்லாவிட்டால் உண்ணவும் உடுக்கவும் வேலைக்குப் போகவும் இயலாது. கருவியாக இருக்க வேண்டியது கர்த்தாவாக நாற்காலியில் ஏறி அமர்ந்துவிடுவதுதான் கேடு. இயற்கையின் குணங்களால் நடைபெறும் செயல்களை, அகங்காரத்தால் மயங்கியவன் ‘செய்பவன் நானே’ என்று எண்ணுகிறான் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் சொல்வதும் இதனையே.

நம் சைவ சித்தாந்திகள் இன்னும் ஒரு படி உள்ளே சென்றனர். ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களில் முதலிடத்தை ஆணவத்துக்குத் தந்தனர். செம்பில் களிம்பு போலவும் நெல்லில் உமி போலவும் அது உயிரோடு தொன்றுதொட்டே ஒட்டியிருப்பது என்றனர். பதினான்காம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஓர் அதிகாரம் முழுவதையும் இதற்கென ஒதுக்கினார். இருள்மலநிலை என்பது அதன் பெயர். அங்கே அவர் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார். புறத்தே உள்ள இருள் பிற பொருள்களை மறைக்கும்; ஆனால் தான் இருப்பதை மறைக்காது. அறை இருட்டாயிருக்கிறது என்று நமக்குத் தெரியும். எழுந்து விளக்கைப் போடுவோம். ஆணவ இருளோ பிறவற்றையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக்கொள்ளும். இருட்டில் இருப்பவனுக்கே தான் இருட்டில் இருப்பது தெரியாது. அவன் எப்படி விளக்கைத் தேடுவான்?

கல்லூரியில் பி.ஏ. படித்த நாளிலேயே இக்கருத்தை அறிந்திருந்தோம். மேடையில் இதுபற்றிப் பேசியுமிருக்கிறோம். அறிந்திருந்ததால் ஒரு பயனும் விளையவில்லை. நாம் மனம் நொந்திருப்பதாகவே எண்ணினோமேயன்றி, ஆணவம் கொண்டிருப்பதாக ஒரு கணமும் எண்ணவில்லை. உமாபதியார் சொன்ன அந்த மறைப்பு, அவருடைய நூலைப் படித்தவனிடத்திலும் தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விடுமுறை நாள் ஒன்றில், அலுவலக நண்பர் ஒருவருடன் தட்சிணேசுவரம் சென்றோம். நண்பர் வங்காளி. 1855இல் ராணி ராசமணி எழுப்பிய அக்காளி கோயிலையும், முற்றத்தின் வடமேற்கு மூலையில் ஸ்ரீராமகிருஷ்ணர் வாழ்ந்த சிறிய அறையையும் தரிசித்துவிட்டுக் கங்கைக் கரைப் படித்துறையில் அமர்ந்தோம். பேச்சு, அவருடைய உரையாடல்களைத் தொகுத்த நூலைப் பற்றித் திரும்பிற்று. வங்க மொழியில் ஐந்து பகுதிகளாக 1902 முதல் 1932 வரை வெளிவந்த நூல் அது. அதை எழுதிய மகேந்திரநாத் குப்தர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். நூலில் தம் பெயரை அவர் இடவில்லை. ‘ம’ என்ற ஒற்றை எழுத்தோடு நின்றுகொண்டார். நிகழ்ச்சிகளில் தாம் வருமிடங்களிலும் ‘மணி’ என்பது போன்ற புனைபெயர்களில் மறைந்துகொண்டார்.

இவ்வளவும் நமக்கு முன்பே தெரியும். நண்பர் மேலும் ஒன்றைச் சொன்னார். 1882ஆம் ஆண்டில் குப்தர் முதன்முதலாக வரத் தொடங்கிய நாட்களில், பரமஹம்சர் அவருடைய மனைவியைப் பற்றி விசாரித்தார். நல்லவள்தான், ஆனால் அறியாதவள் என்னும் கருத்துப்பட விடை சொன்னார் படித்த ஆசிரியர். அப்படியானால் நீர் அறிவாளியோ என்று பரமஹம்சர் சுருக்கென்று திருப்பிக் கேட்டுவிட்டார். ஆசிரியரின் செருக்குக்கு விழுந்த அந்த அடியை வேறு யாரும் எழுதி வைக்கவில்லை. அடி வாங்கியவரே எழுதி வைத்தார். தம் நூலின் தொடக்கப் பகுதியிலேயே அச்சிட்டும் வைத்தார்.

“பெயரை மறைத்தார், பட்ட அவமானத்தை மறைக்கவில்லை. நாமோ அதைத் தலைகீழாகச் செய்கிறோம்” என்று பொதுப்படச் சொல்லிச் சிரித்தார் நண்பர். நம் கதை அவருக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னதாலேயே அது நேரே வந்து தைத்தது. ஆயினும் அன்றும் நாம் திருந்திவிடவில்லை. எதிர்க்கரை நோக்கிச் செல்லும் படகைப் பார்த்தவாறு, ‘குப்தர் தாமாகவே பெயரை விட்டார், நம் பெயரைப் பிறரல்லவா விட்டார்கள்’ என்று மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருந்தோம். களிம்பு அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை.

அதே ஆண்டு ஆனி மாதத்தில் ஊரிலிருந்து அம்மாவின் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. தொலைபேசியில் பேசினால் பாதி கேட்காது. கேட்காததைக் கேட்டதாகச் சொல்லி ‘சரி, சரி’ என்பார். ஆகையால் இன்லாண்டு உறையில் எழுதி அனுப்புவதையே இன்றும் விரும்புகிறார். அந்த முறை உறையின் மேல் நம் பெயர் இல்லை. பேத்தியின் பெயர் இருந்தது. தன் பெயருக்கு முதன்முதலாக வந்த கடிதத்தைப் பெற்ற ஒன்பது வயதுப் பெண் துள்ளிக் குதித்தாள். பிரித்தாள். பார்த்தாள். முதல் வரியில் விரலை வைத்து ‘அ’ என்றாள், ‘க’ என்றாள். அடுத்த எழுத்தில் நின்றாள். பிறகு கடிதத்தை நம்மிடம் நீட்டி, “அப்பா, நீங்களே படித்துச் சொல்லுங்கள்” என்றாள்.

படித்தோம். அம்மா அதிகம் எழுதவில்லை. முருங்கை காய்த்திருப்பதையும், எதிர்வீட்டுப் பசு கன்று ஈன்றிருப்பதையும் எழுதிவிட்டு, “கண்ணு, உனக்கு எழுத்துத் தெரியும் என்று அப்பா முன்னே சொன்னான். காது போய்விட்டது, கண் இன்னும் இருக்கிறது. உன் கையால் எனக்கு ஒரு வரி எழுது. கண் இருக்கும்போதே பார்த்துவிடுகிறேன்” என்று முடித்திருந்தார்.

கடைசி இரண்டு வரிகளை உரக்கப் படிக்க நம்மால் இயலவில்லை. மகள் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு அவள் உறங்கிய பின் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “உங்கள் பெயர் மலரில் வரவில்லை, சரி. அதற்காக அவள் எழுத்து ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?”

விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. இரண்டாண்டுகளாக நாம் யாரைத் தண்டித்துக்கொண்டிருந்தோம்? செயலாளரையா? அவருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. ஊரில் ஒரு கிழவியையும் இங்கே ஒரு குழந்தையையும் தண்டித்திருந்தோம்; அவர்களுக்கிடையே இருந்த ஒரே பாலத்தில் நடுப்பலகையை நாமே உருவி எறிந்திருந்தோம். ஆணவம் தன்னைத்தான் மறைத்துக்கொள்ளுமேயன்றித் தான் செய்த சேதத்தை மறைக்க வல்லதன்று. தன் ஆணவத்தை நேரே காண முடியாதவனும், தன் அருகிலிருப்போர் இழந்ததைப் பார்த்தால் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். நாம் கற்ற பாடம் இதுவே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனோம். கால் கூசிற்று. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், காரணம் கேட்பார்கள், பழைய கதை கிளறப்படும் என்று எதிர்பார்த்தோம். “வாங்க சார், வெகு நாளாயிற்றே! ஆபீஸ் வேலை குறைந்ததா? டீ குடியுங்கள்” என்றார் ஒருவர். அவ்வளவுதான். நாம் கோபித்துக்கொண்டு போயிருந்தோம் என்பதே எவருக்கும் தெரியவில்லை. இரண்டாண்டுகள் நடத்திய பெரும் போர், எதிரில் படையே இல்லாத களத்தில் நடந்திருந்தது.

வகுப்பு நடத்தும் ஆசிரியை அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். பிள்ளைகள் டீச்சர் பாட்டி என்று அழைப்பார்கள். அவர் நம் மகளைப் பார்த்ததும் வருகைப் பதிவேட்டைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டார். பெயர் பழைய இடத்திலேயே இருந்தது. இரண்டாண்டுகளும் பதிவேடு மாறும்போதெல்லாம் அப்பெயரையும் சேர்த்தே எழுதி வந்திருக்கிறார். எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருந்தன. “வருவாள் என்று தெரியும், அடிக்க மனம் வரவில்லை” என்றார். ஒரு பெயர் ஒரு பக்கத்தில் இல்லை என்பதற்காக நாம் விட்டுப்போன இடத்தில், நம் வீட்டுப் பெயர் ஒன்றை மற்றொருவர் பக்கந்தோறும் எழுதி வைத்திருந்தார்.

மனம் இளகியிருந்த அந்நேரத்தில் செயலாளரைத் தனியே அழைத்து, சிரித்துக்கொண்டே கேட்பதுபோல் கேட்டோம்: “அந்த நன்றியுரையில் நம்மை மறந்துவிட்டீர்களே, நினைவிருக்கிறதா?” அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். “சார், நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்? பெயர்ப் பட்டியல் எழுதும்போது உங்களைக் கேட்டேன். ‘நம் பெயர் எதற்கு, மற்றவர்கள் பெயர் விட்டுப்போகாமல் பாருங்கள்’ என்று சொன்னீர்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!”

சொன்னது உண்மை. அச்சகத்து வாசலில் நின்று சொன்ன அந்த வார்த்தை, அவர் நினைவூட்டியதும், சொன்ன நேரத்தோடும் இடத்தோடும் எழுந்து வந்தது. அவர் மறுத்து வற்புறுத்துவார், நாம் இசைவோம் என்று எண்ணிச் சொன்ன வார்த்தை அது. அவரோ நம்மை மெய்யாகவே அடக்கமுடையவர் என்று நம்பிவிட்டார். வேண்டாம் என்று சொன்னதும் நாமே. கொடுக்கவில்லை என்று குமுறியதும் நாமே. இடையில் சொன்னதை மறந்துபோனதும் நாமே. அடக்கமுடைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். அடக்கத்தின் சட்டையை ஆணவம் இரவல் வாங்கி அணிந்துகொண்டு வரும் என்பதை நாம் அன்று நம்மிடமே கண்டோம். சட்டை நமக்கு அளவாகப் பொருந்தியும் இருந்தது.

அன்றிரவு அந்த மலரை இரண்டாண்டுகளுக்குப் பின் எடுத்து முதற்பக்கத்திலிருந்து புரட்டினோம். கேனோபநிடதத்தில் வரும் கதை நினைவுக்கு வந்தது. பிரம்மத்தின் ஆற்றலால் கிடைத்த வெற்றியைத் தேவர்கள் தங்களுடையது என்று எண்ணி இறுமாந்தனர். அப்போது அவர்கள்முன் ஒரு யட்சம் தோன்றிற்று. உலகையே எரிப்பேன் என்ற அக்கினியின் முன் ஒரு துரும்பை இட்டு, இதை எரி என்றது, எரிக்க முடியவில்லை. எதையும் தூக்கிச் செல்வேன் என்ற வாயுவின் முன் அதே துரும்பை இட்டது, அசைக்க முடியவில்லை. இந்திரன் நெருங்கியபோது யட்சம் மறைந்தது. அவ்விடத்தில் தோன்றிய உமாதேவியே அது பிரம்மம் என்று அவனுக்கு உணர்த்தினாள்.

நம் துரும்பு அந்த மலர்தான். ‘நாம் கொண்டுவந்த மலர்’ என்று இரண்டாண்டுகள் சொல்லிக்கொண்டோம். கட்டுரைகளை எழுதியவர்கள் நாம் அல்லோம். தாளை உற்பத்தி செய்தது நாம் அல்லோம். கண்ணுக்குப் புரியாத எழுத்துகளைச் சித்திரம்போல் பாவித்து, ஒவ்வொரு கொம்பையும் பொறுமையாக அதனதன் இடத்தில் கொண்டு சேர்த்தவர் அந்த வங்காளி இளைஞர். நன்றியுரையில் அவர் பெயரும் இல்லை. நம் பெயரைத் தேடி அப்பக்கத்தை மூன்றுமுறை பார்த்தோமே, ஒருமுறையாவது அவர் பெயரைத் தேடினோமா? அதைவிடக் கொடுமை, நான்கு மாதங்கள் அருகருகே அமர்ந்திருந்தும் அவருடைய முழுப்பெயரைக் கேட்டு அறியவும் இல்லை.

நம்மைப் போன்ற அலுவலர்களுக்கு ஆறுதலும் படிப்பினையும் தரும் வரலாறு ஒன்று உண்டு. தென்னார்க்காடு மாவட்ட ஆட்சியரகத்து வருவாய்த் துறையில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் பணியாற்றி வந்தார். தத்துவம் பயின்ற பட்டதாரி. 1902ஆம் ஆண்டில் அலுவல் நிமித்தமாகத் திருவண்ணாமலை சென்றவர், மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த இளம் துறவி ஒருவரைக் கண்டார். 1896இல் மதுரையில் வீட்டை விட்டு வந்த வேங்கடராமனே அவர்; பின்னாளில் உலகம் அறிந்த ரமண மகரிஷி. அப்போது அவர் பேசுவதில்லை. கேள்விகளுக்கு எழுதிக் காட்டியே விடையளித்தார். பிள்ளையவர்கள் கேட்ட தலையாய கேள்வி, ‘நான் யார்?’ என்பதே. அக்கேள்வி விடைகளே 1923இல் சிறு நூலாக அச்சாயின.

மேலதிகாரியின் ஆணைப்படி ஊர் சென்ற ஓர் அரசு ஊழியர், போன இடத்தில் இக்கேள்வியைக் கேட்டார் என்பது நம் நெஞ்சைத் தொடுகிறது. நாமும் பட்டம் பெற்றோம், அரசுப் பணி செய்கிறோம், பயணப்படியும் வாங்குகிறோம். நம் கேள்வியோ ‘நான் எங்கே?’ என்பதாகவே இருந்துவந்தது. பணிமூப்புப் பட்டியலில் நான் எங்கே, அழைப்பிதழில் நான் எங்கே, நன்றியுரையில் நான் எங்கே? ‘யார்’ என்று கேட்பதற்கும் ‘எங்கே’ என்று கேட்பதற்கும் இடையே ஒரு சொல்தான் வேறுபாடு. ஒரு வாழ்நாளின் திசையே அதனால் மாறிப்போகிறது.

ஓர் எண்ணம் எழும்போது, இது யாருக்கு எழுந்தது என்று வினவி, எனக்கு என்ற விடை வந்தால், அந்த நான் யார் என்று உள்ளே திரும்புவது மகரிஷி காட்டிய வழி. அதன் முடிவு வரை சென்றவர்கள் மகான்கள். நாம் வாசற்படியில் நிற்பவர்கள். ஆயினும் வாசற்படியிலும் அக்கேள்விக்குப் பயன் உண்டு. ‘அவமதித்துவிட்டார்கள்’ என்று மனம் பொங்கும்போது, ‘யாரை?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கிறோம். அவமதிப்புக்கு உள்ளானது உடம்பு அன்று, அதற்கு வலியில்லை. அறிவும் அன்று, அது குறையவில்லை. மூன்றெழுத்தோ நான்கெழுத்தோ கொண்ட ஒரு பெயர். அதுவும் பெற்றோர் இட்டது, நாம் சம்பாதித்ததன்று. கேட்டு முடிப்பதற்குள் பொங்கியது பாதி அடங்கிவிடுகிறது. மீதிப் பாதி அடங்குவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்த மீதிக்கு ஸ்ரீராமகிருஷ்ணர் சொன்ன வழியைக் கைக்கொண்டிருக்கிறோம். ‘நான்’ எவ்வளவு விரட்டியும் போகவில்லையானால், இறைவனின் தொண்டனாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் அவர். நான் படித்தவன், நான் இன்னாருடைய மகன் என்பது காய் நான். நான் அடியவன் என்பது கனிந்த நான். நம் ‘நான்’ இன்னும் செங்காய்தான். அதற்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் வகுப்பு தொடங்குமுன் பாய்களை விரிப்பதும், முடிந்தபின் கரும்பலகையைத் துடைப்பதும் அதன் பொறுப்பு. துடைக்கும்போது, யாராவது பார்க்கிறார்களா என்று அது இன்னமும் ஓரக்கண்ணால் பார்க்கத்தான் செய்கிறது. பார்க்கட்டும், பலகை சுத்தமானால் சரி.

ஐந்து மாதங்களில் மகள் விட்ட இடத்தைப் பிடித்துவிட்டாள். கார்த்திகையில் ஒரு மாலை, இன்லாண்டு உறை ஒன்றைத் தரையில் விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு, உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டிக்கு எழுதினாள். எழுதி முடித்ததும் பிழை பார்க்கச் சொல்லி நீட்டினாள். மூன்றே வரி. முதல் வரி, “பாட்டி, நாண் நலம்” என்றிருந்தது. இரண்டு சுழி வரவேண்டிய இடத்தில் மூன்று சுழி வந்துவிட்டது. ‘நாண்’ என்றால் வெட்கம் என்று பொருள். அவளுக்கு அது தெரியாது.

மெய்ப்புத் திருத்திப் பழகிய கை பேனாவை எடுத்தது. பின்பு மூடி வைத்துவிட்டோம். இரண்டு சுழிக்கும் மூன்று சுழிக்கும் உள்ள வேறுபாட்டை அவளுக்குத் தனித்தாளில் எழுதிக் காட்டினோம், கடிதத்தைத் தொடவில்லை. அது அப்படியே ஊருக்குப் போயிற்று. அவளுக்கு அது பிழை. நமக்கு அதுவே சரியான எழுத்தாகப் பட்டது.